கலையரசியின் அரை மணி நேரம்

கலையரசியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு முதலில் ஆத்திரம்தான் வருகிறது. சிநேகிதி என்ற உரிமையில் சொல்கிறேன். ‘முடியாது’ என்ற ஒரு சொல் வாயில் வராமலே ஒரு மனுஷிக்கு நாற்பது வயது ஆகிவிடுமா? இவளுக்கு ஆகிவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் விழுப்புரம். திண்டிவனத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்க்கிறோம். நான் வணிகவியல் நடத்துகிறேன், அவள் பரதநாட்டியம். தினமும் ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போவோம். விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் நான் பேசுவேன், அவள் கேட்பாள். அதைத் தாண்டியதும் அவள் போன் அடிக்கும். கல்லூரிக்கு யாரோ வருகிறார்கள், வரவேற்பு நடனம் வேண்டும் என்பார்கள். யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்றுகூடக் கேட்காமல் “சரிங்க சார்” என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வியாதி சின்ன வயதிலேயே வந்தது. திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். மகள் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டு அவள் அப்பா விழுப்புரத்தில் நாட்டிய வகுப்பில் சேர்த்துவிட்டார். அதை நான் குற்றம் சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஆடிக் காட்டச் சொன்னார்களே, அதைத்தான் சொல்கிறேன். சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தாலும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து ஆடுவாளாம். ஒரு தடவை காய்ச்சலில் படுத்திருந்தவள், பத்திரிகை வைக்க வந்தவர்களுக்காக எழுந்து ஆடியிருக்கிறாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார் என்று மாலையைக் கழற்றி வைத்துவிட்டு ஆடியிருக்கிறாள். இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே சொல்லும்போது, அந்தப் பெரியப்பாவைத் தேடிப்பிடித்து நாலு கேள்வி கேட்கலாமா என்றிருக்கும் எனக்கு.

அது அவளோடு போயிருந்தால் பரவாயில்லை. அவளிடம் படிக்கிற பிள்ளைகளுக்கும் அதே கதி வந்தது. பொங்கல் விழா, முன்னாள் மாணவர் கூட்டம், புதுக் கட்டடத் திறப்பு, கணினித் துறைக் கருத்தரங்கு என்று எதற்கெடுத்தாலும் நாட்டியத் துறைப் பிள்ளைகள் பூத்தட்டோடு நிற்க வேண்டும். கணினிக்கும் பூத்தட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டால் என்னை ரசனை இல்லாதவள் என்பார்கள்.

அந்தப் பிள்ளைகளில் எல்லோரையும்விட நன்றாக ஆடுகிறவள் அஸ்வினி. எங்கள் கல்லூரியில் நன்றாக ஆடுவதற்குத் தண்டனை முன்வரிசை. கண்டாச்சிபுரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற வீட்டுப் பெண். விடியும் முன்பே பஸ் ஏறி, விழுப்புரத்தில் இறங்கி, எங்கள் பஸ்ஸில் எங்களுக்குப் பின் சீட்டில் வந்து உட்காருவாள். போன வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள் பின்னாலிருந்து அழுகைச் சத்தம் கேட்டுத் திரும்பினோம். என்னம்மா என்று கலையரசி கேட்டாள்.

“சலங்கையப் பார்த்தாலே குமட்டுது மேடம். தூங்கிக்கினு இருக்கும்போதும் காலு தாளம் போட்டுக்கினே இருக்குது. நான் நின்னுடறேன் மேடம்.”

கலையரசி அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். செமஸ்டர் முடியும் வரை பொறுத்துப் பார், அதற்குள் நான் ஏதாவது செய்கிறேன் என்றாள். அவள் ஒரு காரியத்தைத் தானாக ஏற்றுக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விடுமுறையில் புதுச்சேரிக்குப் போய், நடனக்காரர்களுக்கென்று நடந்த ஒரு பயிற்சியில் சேர்ந்துவிட்டு வந்தாள். மூச்சைக் கவனிப்பது, மெதுவாக நடப்பது, தாளமில்லாமல் உடம்பு போன போக்கில் அசைவது, கடைசியில் மல்லாந்து படுத்து உடம்பைத் தளர விடுவது. இதற்காகப் பிள்ளைகளை முன்கூட்டி வரச் சொல்லவில்லை. காலையில் ஆடும் பயிற்சியிலிருந்தே அரை மணி நேரத்தை வெட்டி எடுத்தாள். தாளம் தட்டும் கட்டையை அலமாரியில் வைத்தாள், கண்ணாடியைப் புடவையால் மூடினாள், கதவைச் சாத்தினாள். என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் கூத்தை என்னவென்று சொல்வது. உடம்பு எப்படிக் கேட்கிறதோ அப்படி அசையுங்கள் என்றாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு உயரவாரியாக வரிசை கட்டி, முழங்காலை மடித்து அரைமண்டியில் உட்கார்ந்து, ஒரே மாதிரி தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முடித்துவிட்டுப் பூமியைத் தொட்டுக் கும்பிட்டு, சரியா மேடம் என்று கேட்டார்கள். கலையரசி தலையில் கைவைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

போகப் போகப் பழகினார்கள். வருஷக்கணக்காகத் தரையை ஓங்கி மிதித்த கால்கள் சத்தமில்லாமல் நடக்கக் கற்றுக்கொண்டன. அஸ்வினிதான் கடைசிவரை மசியவில்லை. படுப்பாள், கையும் காலும் தளர்ந்துவிடும். முகத்தில் மட்டும் அந்த மேடைச் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். முகத்தையும் விட்டுவிடு என்று கலையரசி காதருகில் போய்ச் சொல்வாள். விட்டுட்டேன் மேடம் என்று சிரித்தபடியே சொல்லும் அந்தப் பெண். தான் சிரித்துக்கொண்டிருப்பதே அதற்குத் தெரியவில்லை. அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது எனக்கு.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் தாளாளர் ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கல்லூரியை நடத்துகிறவர். கெட்டவரில்லை. ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் மேடையில் ஏற்றியே தீர வேண்டும் அவருக்கு. அற்புதமாக இருக்கிறது, ஆண்டு விழாவில் இதையே வைத்துவிடலாம், ‘மன அமைதி நடனம்’ என்று பெயர் போடலாம் என்றார். நான் கலையரசியின் வாயையே பார்த்தேன். “சரிங்க சார்” என்றாள்.

அன்று திரும்பும் பஸ்ஸில் நான் போட்ட சண்டை கண்டக்டர் வரைக்கும் கேட்டிருக்கும். இளைப்பாற ஒரு இடம் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு அதற்கும் டிக்கெட் போட விட்டுவிட்டாயே என்றேன்.

“அவரு ஆசையா கேட்டுட்டாருக்கா. மூஞ்சியப் பார்த்து எப்படி இல்லன்னு சொல்றது?” என்றாள். பின் சீட்டில் அஸ்வினி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. மன அமைதிக்கு ஒத்திகை ஆரம்பித்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட வேண்டும், ஒரே கோணத்தில் கழுத்து சாய வேண்டும். நீல நிற உடை தைத்தார்கள். குயில் கூவுகிற மாதிரி ஒரு இசை பதிவு செய்தார்கள். படுக்கிற பகுதி மந்தமாக இருக்கிறது, அதற்குப் பிறகு விறுவிறுப்பாக ஒரு ஜதி வையுங்கள் என்று தாளாளர் சொல்லியனுப்பினார், அதையும் வைத்தாள். காலை அரை மணி நேரம் போயே போச்சு. சாயங்காலமும் போச்சு. ஆண்டு விழாவோடு சரி, அதற்கப்புறம் வர மாட்டேன் என்று அஸ்வினி என்னிடம் தனியாகச் சொல்லிவிட்டாள். கலையரசியிடம் நான் அதைச் சொன்னேன், கேட்டுக்கொண்டு ஒத்திகைக்கே திரும்பிப் போனாள்.

விழா காலையில் என்றார்கள், அதனால் பிள்ளைகள் முந்தின ராத்திரியே கல்லூரியில் தங்கி, விடியும் முன்பே ஒப்பனையோடு உட்கார்ந்திருந்தார்கள். விருந்தினர் வர மதியமாகிவிட்டது. திரை விலகியதும் குயில் கூவியது, பிள்ளைகள் நடந்தார்கள், மூச்சு விட்டார்கள், படுத்தார்கள். நான் கலையரசியோடு திரையோரம் நின்றிருந்தேன். ஜதி ஆரம்பித்தது. எல்லோரும் துள்ளி எழுந்தார்கள், அஸ்வினி எழவில்லை.

மயக்கமோ என்று பதறிப்போய் நான் ஓடப் பார்த்தேன். கலையரசி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“இருங்கக்கா. மூஞ்சியப் பாருங்க.”

பார்த்தேன். அந்தச் சிரிப்பு இல்லை. வாய் லேசாகத் திறந்து, கன்னம் தொய்ந்து, நெஞ்சு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அரிதாரத்துக்கு அடியில் இருந்த பெண்ணை, அவ்வளவு களைத்துப் போன பெண்ணை, அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தோம். தூங்கிக்கொண்டிருந்தாள்.

முன்வரிசையிலிருந்து தாளாளர் அவளை எழுப்பச் சொல்லிக் கையைக் காட்டினார். கலையரசி அவரைப் பார்த்தாள். பிறகு நேராக மைக் செட்காரரிடம் போய் இசையை நிறுத்தச் சொன்னாள். ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளை இருக்கிற இடத்திலேயே உட்காரும்படி சைகை காட்டினாள். அரங்கம் அடங்கிப் போனது. எதற்கெடுத்தாலும் விசிலடிக்கிற பின்வரிசைப் பையன்கள்கூட வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரையை மெல்ல இழுத்தார்கள். கைதட்டல் அதற்கப்புறம்தான் வந்தது.

தாளாளர் மேடைக்குப் பின்னால் வந்தபோது, வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மனுஷர் முகமெல்லாம் பூரித்து வந்தார். விருந்தினருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம், அவர் வீட்டு விசேஷத்துக்கு வந்து இதே நடனத்தை ஆட வேண்டுமாம்.

“அந்தப் பொண்ணு படுத்தே இருந்தது பாருங்க, அது பிரமாதம்மா. அதை அப்படியே வச்சிக்குங்க. கொஞ்சம் சிரிச்ச முகமா படுக்கச் சொல்லுங்க, அவ்ளோதான்” என்றார்.

எனக்கு உச்சந்தலை சூடேறியது. வாயைத் திறப்பதற்குள் கலையரசி பேசிவிட்டாள்.

“முடியாதுங்க சார்.”

அவர் காதில் சரியாக விழவில்லை போல, என்னம்மா என்றார்.

“அந்தப் பொண்ணு நெஜமா தூங்கிடுச்சு சார். அது டான்ஸ் இல்ல. இனிமே அந்த அரை மணி நேரத்த யாருக்கும் ஆடிக் காட்ட மாட்டோம். வேணாம்னா வேற டீச்சரப் பார்த்துக்கங்க.”

தலை குனியவில்லை. தாளாளர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். அப்புறம் பேசிக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் விருந்தினரை வழியனுப்பப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். மூன்று பேருக்கான சீட்டில் அஸ்வினியை நடுவில் உட்கார வைத்தோம். நாளைக்கு வேலை இருக்குமாக்கா என்று கலையரசி என்னிடம் கேட்டாள். உன் கூலிக்கு இந்த ஜில்லாவில் இன்னொரு ஏமாளி கிடைக்க மாட்டாள், பயப்படாதே என்றேன். அஸ்வினி டோல்கேட்டுக்கு முன்பே தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டாள். நான் அன்றுதான் முதன்முதலாகக் கட்டிய பட்டுப்புடவை. அதில் பவுடரும் கண்மையும் அப்பி, வாயோரத்து எச்சிலும் வழிந்தது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்பது இந்தப் பஸ்ஸில் வருகிற எல்லோருக்கும் தெரியும். விழுப்புரம் வரும்வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் எழுப்பியபோது அவளுக்கு எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு கலையரசியைப் பார்த்தாள்.

“மேடம், நாளைக்குக் காலையில அந்த அரை மணி நேரம் இருக்குதா? நான் வர்றேன்.”