அண்ணனை இரண்டு வரியில் சொன்னேன்

அண்ணன் எப்படி இறந்தான் என்று யாராவது கேட்டால், ஹார்ட் அட்டாக் என்று சொல்லிவிடுவேன். பொய் இல்லை. ஆனால் கேட்டவர் முகத்தைப் பார்க்காமல்தான் சொல்வேன். அது இரண்டாவது அட்டாக். முதலாவதைப் பற்றி இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் தலைநகரில், லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். நான், மனைவி, மகள், அண்ணன். இரண்டே அறை என்பதால் பால்கனியை அடைத்து அண்ணனுக்குக் கட்டில் போட்டிருந்தோம். இருபத்து நான்கு வயதில் அவனுக்குப் புத்தி பேதலித்தது. ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கும். ரேடியோவில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு திருநெல்வேலியில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் என்னிடம் வந்தான். மாத்திரையில் குரல்கள் அடங்கின, உடம்பு பெருத்தது, பீடி மட்டும் குறையவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "அண்ணன் ஊர்லேருந்து வந்திருக்காங்க, ரெண்டு நாள்ல கெளம்பிருவாங்க" என்று அறிமுகம் செய்வேன். பன்னிரண்டு வருஷமாக அவன் இரண்டு நாளில் கிளம்பிக்கொண்டிருந்தான்.

நான் ஓர் அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். ஜனங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிப் பத்துப் பக்கம் எழுதி அனுப்பும் மனுவைப் படித்து, ஃபைலில் இரண்டு வரியாகச் சுருக்கி, கீழே 'நிராகரிக்கலாம்' என்று எழுதுவது என் வேலை. மேலதிகாரி மனுவைப் புரட்டிக்கூடப் பார்க்கமாட்டார். என் இரண்டு வரியைப் படித்துக் கையெழுத்துப் போடுவார். அவ்வளவு நம்பிக்கை. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மனநல ஓ.பி.யிலும் இதே கதைதான். டாக்டர் ஹிந்தியில் கேட்பார், அண்ணன் தமிழில் ஐந்து நிமிஷம் சொல்வான், நான் ஹிந்தியில் ஒரு வரி சொல்வேன். டாக்டருக்கும் வசதி, வெளியே காத்திருப்பவர்களுக்கும் வசதி.

ஒரு குளிர்காலக் காலை. ஆபீசுக்குக் கிளம்ப ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்து வாசற்படியில் நின்றான்.

"ஏலே, நெஞ்சு அடைக்குலே. இடது கையெல்லாம் கடுக்கு."

நெஞ்சுக்குள் யாரோ வயர் வைத்திருப்பதாக முன்பு இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறான். நான் பட்டனைப் போட்டுக்கொண்டே, "மாத்திர போட்டியா? போய்ப் படு" என்றேன். மனைவிதான் அவன் முகத்தைப் பார்த்தாள். "வேர்த்து ஊத்துதுங்க. இந்தக் குளிர்ல யாருக்காவது வேர்க்குமா?" அவள் முறைத்த முறைப்பில்தான் ஆட்டோ பிடித்தேன்.

ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியின் காஷுவாலிட்டி. டாக்டர் சின்ன வயதுக்காரர், தூங்கி இரண்டு நாள் ஆன முகம். என்ன தொந்தரவு என்று ஹிந்தியில் கேட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் மனநல ஃபைலை மேஜையில் வைத்து, மளமளவென்று சொல்லிவிட்டேன். மெண்டல் பேஷண்ட், பல வருஷமாக மருந்து சாப்பிடுகிறார், நெஞ்சில் ஏதோ இருப்பதாக அடிக்கடி சொல்வார். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"கை கடுக்குன்னு சொல்லுலே."

"சொல்லியாச்சு" என்றேன். சொல்லவில்லை.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கடமைக்கு வைத்து எடுத்தார். வாயுவுக்கு ஒரு மாத்திரை, தூங்க ஓர் ஊசி, நாளை மனநல ஓ.பி.க்குக் கூட்டிப் போங்கள் என்று ஒரு சீட்டு. ஈ.சி.ஜி. மெஷின் பக்கத்துக் கட்டிலருகேதான் இருந்தது. அவனை வீட்டில் விட்டுவிட்டுப் பதினொன்றரைக்கெல்லாம் ஆபீசில் இருந்தேன். அரை நாள் லீவு மிச்சமானதில் சந்தோஷப்பட்டதும் நினைவிருக்கிறது.

மறுநாள் மத்தியானம் அண்ணன் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தான். அதே ஆஸ்பத்திரி, வேறு டாக்டர். ஈ.சி.ஜி. சுருளை நீட்டிப் பார்த்தவர், அட்டாக் வந்து ஒரு நாள் ஆகியிருக்கும்போலத் தெரிகிறதே, வந்த சில மணி நேரத்துக்குள் என்றால் அடைப்பைக் கரைக்க ஊசி போட்டிருக்கலாமே, நேற்றே ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டார். நேற்று அவன் ஒன்றுமே சொல்லவில்லை என்றேன். நேற்றைய சீட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது.

பத்து நாள் வார்டில் கிடந்தான். வீட்டுக்கு அனுப்பும் அன்று இதயப் பிரிவின் பெண் டாக்டர் என்னை அழைத்தார். அண்ணனை வீல்சேரில் தள்ளிக்கொண்டு போய் என் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தேன். ஆஞ்சியோகிராம் செய்து பார்க்கலாம், அடைப்பு இருந்தால் பலூனால் திறக்க முடியலாம் என்று ஹிந்தியில் விளக்கினார். விழித்த நிலையிலேயே டேபிளில் ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அப்புறம் ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிடக் கூடாது, இவரால் முடியுமா என்று கேட்டார்.

"முஷ்கில் ஹை, மேடம்" என்றேன். கஷ்டம்தான்.

"அவரையே ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"அவருக்கு ஹிந்தி தெரியாது. சொன்னாலும் புரியாது."

பன்னிரண்டு வருஷத்தில் அவன் ஒரு வேளை மாத்திரை தவறவிட்டதில்லை. என் பிரஷர் மாத்திரையை எனக்கு நினைவுபடுத்துவதே அவன்தான். அது எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த மாதம் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மறுபடி ஆஸ்பத்திரி, லீவு, காலனியில் ஒவ்வொருவராக ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்து, என்ன மாத்திரையெல்லாம் சாப்பிடுகிறார் என்று விசாரிப்பார்கள். இதுதான் என் மனதில் ஓடியது. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல. உடன் வந்தவருக்குச் சம்மதமில்லை என்று அந்த அம்மாள் எழுதிய வரிக்குக் கீழே, ஆபீசில் போடுகிற அதே கையெழுத்தைப் போட்டேன்.

ஆட்டோவில் அண்ணன் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டியே வண்டி போய்க்கொண்டிருந்தது.

"ஏலே, அந்த டாக்டரம்மா கேட்டதுக்கு முடியாதுன்னுட்டியே."

 வருஷக்கணக்காகப் பால்கனியில் இருந்தவன்; கீழே காய்கறி வண்டிக்காரன், பால்காரன், விளையாடும் பிள்ளைகள், உள்ளே நாள் முழுக்க டி.வி. அவனுக்கு ஹிந்தி எப்படி வராமல் போகும்? அப்படியானால் காஷுவாலிட்டியில் நான் சொன்னதும் சொல்லாததும் அவனுக்குப் புரிந்திருக்கிறது. இருந்தும் பத்து நாளாக ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் அசையாம கெடந்திருப்பேம்லே" என்றான். குரலில் கோபம் இல்லை. தகவல் சொல்வதுபோல்தான் சொன்னான்.

சிக்னலில் வண்டி நின்றது. இடது பக்கம் திரும்பினால் இரண்டு நிமிஷத்தில் அந்த அம்மாள் அறையில் இருக்கலாம்; நேரே போனால் வீடு. டிரைவர், இடது பக்கமா, நேரா என்று கேட்டார்.

"சீதா சலோ, பையா" என்றேன். "ஜல்தி."