ஆற்றைப் பற்றிய இரண்டு வரிகள்

பாடசாலை பஸ்களுக்குப் பாதை போடுவதுதான் என் வேலை. எந்த பஸ் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும், பனி கொட்டினால் எந்தத் தெருவால் சுற்றிப் போக வேண்டும் என்று ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்தபடி பதினொரு வருடமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆகவே மலைக்குப் போவோம் என்ற கதை வந்தபோது, திட்டம் போடும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. நானும் அதை விரும்பித்தான் ஏற்றுக்கொண்டேன்.

நாங்கள் மூன்று பேர். ஒருத்தி யூனியன்வில்லில் இருக்கும் என் சிநேகிதி. வீடு விற்கும் முகவர். யாழ்ப்பாணத்தில் ஒரே பாடசாலையில் படித்தவர்கள் என்றாலும், நெருக்கமானது இங்கே வந்து நாற்பதைக் கடந்த பிறகுதான். அதனால் எங்களுக்குள் 'நீ' வரவில்லை. 'நீர்', 'உமக்கு' என்றுதான் கதை. மற்றவள் ஒஷாவாவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். மட்டக்களப்புப் பக்கத்தவள், எங்களை விட எட்டு வயது இளையவள். அவளை நான் தங்கச்சி என்றே கூப்பிடுவேன். சனிக்கிழமைகளில் மூவரும் ரூஜ் பள்ளத்தாக்கில் நடப்போம். அப்படி நடந்துகொண்டிருந்த ஒரு நாள்தான், கனடாவுக்கு வந்து இத்தனை வருடமாகியும் ரொக்கி மலையை விமான யன்னலால் கூடப் பார்க்கவில்லை என்று சிநேகிதி சொன்னாள்.

அந்த இலையுதிர்காலத்திலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடமிருக்கவில்லை. வரைபடத்தை விரித்து நான்கு மூலையிலும் சீனிப் போத்தல், தேயிலை டின் என்று கையில் அகப்பட்டதை வைத்திருந்தேன். உயரக் கோடுகள் நெருங்கி ஓடினால் கடும் ஏற்றம், விலகி ஓடினால் மூச்சு விடலாம். தையல் நூலைப் பாதையின் மேல் வளைத்து வளைத்து வைத்து ஒவ்வொரு நாளின் தூரத்தையும் அளந்தேன். ஆறு பகல், ஐந்து இரவு. ஒரு பள்ளத்தாக்கால் ஏறி, இரண்டு கணவாய்களைக் கடந்து, மறுபள்ளத்தாக்கால் இறங்கி, காரை விட்ட இடத்துக்கே வந்து சேரும் வட்டம். சோற்றை வடித்து ஓவனில் காயவைத்து, பருப்பையும் அப்படியே காயவைத்து, ஆளுக்கு ஒரு நேரத்துக்கு எவ்வளவு என்று தராசில் நிறுத்துப் பொதி கட்டிப் பார்த்தேன். கூடாரம் அடிக்கும் இடங்களைப் பனி கொட்டும் மாரியிலேயே பதிந்துவிட வேண்டும். பதிவு திறந்த காலையில் ரொறன்ரோவில் பனிப்புயல். நான் பஸ்களோடு மாரடித்துக்கொண்டிருந்தேன். அன்று ஓய்வாயிருந்த சிநேகிதி, நான் எழுதிக் கொடுத்த வரிசைப்படியே தன் பெயரில் மூன்று பேருக்கும் பதிந்தாள்.

நாலாம் நாளில் ஒரு ஆறு குறுக்கிட்டது. பாலம் கிடையாது, இறங்கித்தான் கடக்க வேண்டும். மேலேயுள்ள பனிப்பாறை உருகி வரும் தண்ணீர் அது. காலையில் முழங்காலுக்குக் கீழே நிற்கும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, மத்தியானமளவில் ஆளை அடித்துக்கொண்டு போகும். அங்கே நடந்தவர்கள் எழுதியதைத் தேடித் தேடி வாசித்தேன். பூங்கா அலுவலகத்துக்கும் போன் எடுத்துக் கேட்டு உறுதிப்படுத்தினேன். பிறகு திட்டத்தில் சிவப்பு எழுத்தில் இரண்டு வரி சேர்த்தேன். காலை எட்டு மணிக்கு முன் ஆற்றைக் கடந்துவிட வேண்டும். பிந்தினால் அன்று இறங்கவே கூடாது, மறுநாள் காலை வரை கரையில் நிற்க வேண்டும். அதற்காகவே அன்று புறப்படும் நேரம் ஐந்தரை என்று போட்டேன். முழுத் திட்டத்தையும் புறப்படுவதற்கு முன்தான் மற்ற இருவருக்கும் கொடுப்பதாக இருந்தேன்.

மே மாதத்தில் பாரச் சுமையோடு நடந்து பழகினோம். ஏற்றங்களில் நான் பின்தங்கினேன், உண்மைதான். ஒருமுறை அவர்கள் எனக்காக மேலே அரை மணித்தியாலம் காத்திருந்தார்கள். அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னது அடுத்த கிழமை, சிநேகிதியின் கணவருடைய ஐம்பதாவது பிறந்தநாளில். கையில் சாப்பாட்டுத் தட்டோடு சனம் நிறைந்திருந்த அந்த வரவேற்பறையில், ஜிம்மில் பழக்கமான ஒருத்தியின் தோளில் கையைப் போட்டபடி என்னிடம் வந்தாள்.

"சொல்லவேணும் எண்டு இருந்தனான். இந்த முறை நீர் வேண்டாம். உம்மட நடைக்கு ஆறு நாள் எட்டு நாளாப் போயிடும். உம்மட இடத்துக்கு இவ வாறா."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்த்து, "மேப்பில விரலால நடக்கிறதெண்டால் இவவை ஒருத்தரும் வெல்லேலாது" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார். நாங்கள் புறப்படும்போது அவள் வாசல் வரை வந்து, அந்தத் திட்டத்தை மட்டும் அனுப்பிவிடும்படி சொன்னாள். காரில் கணவர், பகிடிக்குத்தானே சொன்னவ என்றார். நான் யன்னல் பக்கம் திரும்பியிருந்தேன். தங்கச்சி அடுத்த நாள் போன் எடுத்து அழுதாள். தான் ஏற்கெனவே லீவு எடுத்துவிட்டதாகவும், என்ன செய்வதென்று தெரியவில்லை என்றும் சொன்னாள். நீ போ என்றேன்.

இரண்டு கிழமை நான் திட்டத்தை அனுப்பவில்லை. சிநேகிதி மூன்று முறை ஞாபகப்படுத்தினாள். ஒன்றுமே அனுப்பாமல் விட்டுவிடலாம். ஆனால் அப்படி விட்டால் அவள் இணையத்தில் வேறொன்றைத் தேடி எடுத்துக்கொண்டு, எனக்குப் பொறாமை என்று ஊரெல்லாம் சொல்வாள். ஒரு ஞாயிறு பின்னேரம் கணினியைத் திறந்து நாலாம் நாளுக்குப் போனேன். சிவப்பு வரிகள் இரண்டையும் அழித்தேன். பார்த்தேன். ஐந்தரைக்கு ஏன் எழும்ப வேண்டும் என்ற கேள்வி வருமே என்று தோன்றியது. அதையும் அழித்து, ஒன்பது மணி, ஆறுதலாக வெளிக்கிடலாம் என்று எழுதினேன். மற்ற நாட்களில் இருந்த எழுத்துப் பிழைகளையெல்லாம் கவனமாகத் திருத்தி அனுப்பினேன். அன்று எனக்கு நல்ல பசி. இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு வந்த நாட்கள் சந்தோஷமாகவே போயின என்று எழுதத்தான் வேண்டும். அலுவலகத்தில் தெருக்களை மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த ஆற்றங்கரை கண்ணில் வரும். புதுச் சப்பாத்தோடு சிநேகிதி நிற்பாள். தண்ணீரைப் பார்த்து முகம் வெளிறும். எல்லாரையும் திருப்பிக்கொண்டு நாலு நாள் வந்த வழியே நடப்பாள். அந்தப் படத்தை அதற்கு மேல் ஓடவிடாமல் நான் நிறுத்திக்கொள்வேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் தங்கச்சி விடைபெறப் போன் எடுத்தாள். "நீங்க போட்ட பிளான் எண்டதாலதான் அக்கா நான் பயமில்லாமப் போறன்" என்றாள்.

முழுவதையும் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அது சிநேகிதிக்கும் போய்ச் சேரும். அவள் சிரிப்பாள். நான் பாதியைத்தான் சொன்னேன்.

"நாலாம் நாள் ஆறு ஒண்டு வரும் தங்கச்சி. தண்ணி கூடக் கிடந்தால் இறங்காதை. ஆர் என்ன சொன்னாலும் இறங்காதை."

அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதாது என்றும் எனக்குத் தெரியும்.

அந்த ஜூலையில் மேற்கே கடும் வெயில். நாலாம் நாள், செப்டம்பருக்கான பாதைகளைப் போட்டுக்கொண்டிருந்த நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நேரம் எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் பின். எங்கள் ஒரு மணிக்கு அவர்கள் ஆற்றை நெருங்கியிருப்பார்கள். பன்னிரண்டரைக்கு எழும்பி வாகனத் தரிப்பிடத்துக்குப் போய், காருக்குள் இருந்து பூங்கா அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு இளைஞன் பேசினான். இன்ன கூட்டத்தின் திட்டத்தில் நேரம் பிழை என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். அதை எழுதியது நான்தான் என்றேன். அவன் பொறுமையாகக் குறித்துக்கொண்டான். பூங்காக் காவலர் ஒருவர் நாளைக் காலைதான் அந்தப் பக்கம் போவார், அங்கே போன் வேலை செய்யாது என்றான்.

இரண்டு நாள் ஒரு செய்தியும் இல்லை. தங்கச்சிக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று சாமிப் படத்துக்கு முன் நின்று கேட்டேன். சிநேகிதிக்காகக் கேட்டதாக ஞாபகமில்லை.

ஆறாம் நாள் பின்னேரம் தங்கச்சி ஹோட்டலில் இருந்து பேசினாள். பதினொன்றரைக்கு ஆற்றங்கரைக்கு வந்திருக்கிறார்கள். சாம்பல் நிறத் தண்ணீர், அடியில் கல்லுருளும் சத்தம். திட்டத்தில் ஆற்றைப் பற்றி ஒன்றுமில்லை, ஆகவே இது பெரிய ஆறாக இருக்காது என்று சிநேகிதி சொல்லியிருக்கிறாள். தங்கச்சி பையைக் கழற்றி வைத்து அதன் மேல் இருந்துவிட்டாள். அக்கா இறங்க வேண்டாம் என்றவ, நான் இறங்க மாட்டேன் என்றாளாம். சிநேகிதி இறங்கினாள். நாலாவது எட்டில் தண்ணீர் தொடைக்கு வந்தது, ஐந்தாவதில் விழுந்தாள். கொஞ்சத் தூரம் இழுபட்டுப் போய் ஒரு கல்லில் முட்டி நின்றவளை, ஜிம்காரி கைத்தடியை நீட்டி இழுத்தெடுத்தாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது. அன்றிரவு ஈரத்தோடு கரையிலேயே கிடந்தார்கள். காலையில் அதே ஆறு முழங்காலுக்குக் கீழே கிடந்ததாம். வந்து சேர்ந்த காவலர் கைக்குக் கட்டுப் போட்டு அவர்களைக் கடத்திவிட்டிருக்கிறார்.

தங்கச்சியின் குரலைக் கேட்டதும் சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். ஆனால் மணிக்கட்டு என்ற சொல்லைக் கேட்டபோது எனக்குள் ஏதோ ஒன்று சாய்ந்து உட்கார்ந்து ஆறியது. அதையும் மறைக்கப் போவதில்லை.

அதோடு முடிந்திருக்கும். பத்திரமாக வந்ததற்காகத் தங்கச்சி செப்டம்பரில் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். ஒஷாவா வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர். சிநேகிதி கையில் பட்டி கட்டியபடி கதை சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிறுத்தவில்லை.

"பஸ்ஸுக்குப் பாதை போடுறதும் மலைக்குப் போடுறதும் ஒண்டில்லை. நடுவில ஒரு ஆறு கிடக்கிறதே இவவுக்குத் தெரியேல்லை. பாவம், தெரிஞ்ச அளவுக்குத்தான் செய்தவ."

எல்லாரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். அந்தப் 'பாவம்' எனக்குப் பொறுக்கவில்லை. எட்டு மாதம் நூலால் அளந்த பாதை அது. அதில் ஒரு கல் கூட எனக்குத் தெரியாமல் இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தப்பிவிடுவேன், ஆனால் ஒன்றும் தெரியாதவளாகிவிடுவேன். நான் போனில் பழைய திட்டத்தைத் திறந்து, நாலாம் நாளைப் பெரிதாக்கி அவள் முன்னால் நீட்டினேன்.

"ஆறு கிடக்கிறது எனக்குத் தெரியும். எட்டு மணிக்கு முன்னம் கடக்க வேணும் எண்டு எழுதினனான். உமக்கு அனுப்ப முன்னம் அழிச்சனான்."

அவள் சிவப்பு வரிகளை வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். "நான் செத்திருப்பன்" என்றாள், மெதுவாக.

"ஓம்" என்றேன்.

குசினி வாசலில் கறிச்சட்டியோடு நின்ற தங்கச்சிதான் பேசினாள். "நானும் அங்கதானே நிண்டன், அக்கா."

கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதன் பிறகு எங்களுக்கு வரும் அழைப்புகள் குறைந்தன. கோயிலில் சிலர் வேறு பக்கம் பார்க்கிறார்கள். கணவர் ஒரு நாள், அவள் உண்மையாகச் செத்திருந்தால் நீ சொல்லியிருப்பாயா என்று கேட்டார்.

தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். போனில் இரண்டு முறை, பிறகு அவள் வேலை முடிந்து வரும்வரை முதியோர் இல்லத்து வாசலில் நின்று ஒரு முறை. எனக்குக் கொஞ்சக் காலம் வேணும் என்றாள். மாரி முழுவதும் போனது. ஏப்ரலில் அவளாகவே கூப்பிட்டாள். இப்போது சனிக்கிழமைகளில் இருவரும் நடக்கிறோம். அவள் தனக்கென்று ஒரு வரைபடம் வாங்கி, வாசிக்கவும் பழகிவிட்டாள். இடப்பக்கம் போவோம் என்று நான் சொன்னால், விரித்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறாள்.

சிநேகிதியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கும் எண்ணமும் இல்லை. வேலைக்குப் போகும் வழியில் ஒரு வீட்டு முற்றத்தில் அவளுடைய படம் போட்ட விற்பனைப் பலகை நிற்கிறது. கைகளைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள். சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போதெல்லாம் முகத்தை விட்டுவிட்டு அந்த மணிக்கட்டைத்தான் பார்க்கிறேன். விழுவதற்கு முன் எடுத்த படம். கை நேராகத்தான் இருக்கிறது.