வாசகர் உயிரோடுதான் இருக்கிறார்

விளாங்குடியில் நான் நூலகராக இருக்கும் கிளை நூலகத்துக்குச் சமூக ஊடகத்தில் ஒரு பக்கம் தொடங்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அப்போது எங்கள் நூலகத்தில் இருந்த மின்விசிறிகளில் பாதி ஓடவில்லை. குழாயில் தண்ணீரும் வரவில்லை. இரண்டையும் பற்றி எழுதிப் போட்டுவிட்டு வெகுகாலமாகக் காத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பதில் வரவில்லை, இது வந்தது. வாசகர்களோடு உயிரோட்டமான உறவை வளர்க்க வேண்டுமாம்.

பயிற்சி வகுப்பு ஒன்றும் நடத்தினார்கள். காதோரம் மைக் மாட்டிய ஓர் இளைஞர், "உங்கள் வாசகர்கள் எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டார். "நூலகத்தில்" என்று நான் சொன்னதும் கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் போனுக்குள் இருக்கிறார்களாம், நாம்தான் அங்கே போய் அவர்களைப் பிடிக்க வேண்டுமாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் அன்றைக்கு மதியச் சாப்பாடு பிரியாணி என்று தெரிந்ததால் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

பக்கம் தொடங்கினேன். புதிதாக வந்த புத்தகங்களைப் படம் எடுத்துப் போட்டேன். லைக் போட்டவர்கள் மூன்று பேர்: நான், என் உதவியாளர், என் வீட்டுக்காரர். வீட்டுக்காரர் போட்டதும் நான் முறைத்த பிறகுதான். புத்தக அலமாரிக்கு மேல் ஒரு பூனை தூங்குவதைப் போட்டபோது மட்டும் கொஞ்சம் கூட்டம் வந்தது. பூனை எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார்.

அப்போதுதான் 'இந்த வார வாசகர்' என்ற யோசனை எனக்கு உதித்தது. வாரம் ஒரு வாசகரின் படத்தைப் போட்டு நாலு வரி பாராட்டி எழுதுவது. முதல் ஆளைத் தேடவே வேண்டியதில்லை. மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார், நான் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நிற்பார். மனைவி இல்லை, ஒரே மகள் பெங்களூரில். செய்தித்தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை படித்து, அச்சுப்பிழை இருந்தால் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார், நான்தான் அச்சடித்தேன் என்பதைப் போல.

நூலகத்துக்கு எதிரே ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பி, "படத்த நான் டிசைன் பண்ணித் தாரேன்க்கா, காசெல்லாம் வேணாம்" என்றான். மதுரையில் ஃப்ளெக்ஸ் கடைக்காரனுக்கு நான்கு வேலைகள்: காதுகுத்து, சடங்கு, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. இதில் கடைசியில் சொன்னதில்தான் அவன் கை தேர்ந்தது என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். உறுப்பினர் அட்டையில் இருந்த, சிரிப்பே இல்லாத பாஸ்போர்ட் படத்தைக் கொடுத்தேன். அதைக் கருநீலப் பின்னணியில் வைத்தான். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், கீழே மேகம், ஓரத்தில் இரண்டு புறா. "எடுப்பா இருக்குல்லக்கா?" என்றான். இருந்தது. சார் நூலக உறுப்பினரான ஆண்டை எழுதி, ஒரு சின்னக் கோடு போட்டு, இந்த ஆண்டை எழுதினான். வாசகம் மட்டும் என்னுடையது: 'எங்கள் நெஞ்சில் என்றும் நிறைந்த வாசகர். அன்னாரின் வாசிப்பைப் போற்றுவோம்.'

முச்சந்திக்கு முச்சந்தி இதே மாதிரிப் படங்களைப் பார்த்து வளர்ந்த கண் எனக்கு. ஒரு குறையும் தெரியவில்லை. சாயங்காலம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் போனைத் திறந்தால் அது சூடாக இருந்தது. 'ஆழ்ந்த இரங்கல்.' 'ஈடு செய்ய முடியாத இழப்பு.' 'ஓம் சாந்தி.' ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவருக்கு ஓம் சாந்தி. அழுகிற பொம்மைகள் வரிசையாக நின்றன. சாரிடம் படித்த பிள்ளைகள் எந்தெந்த ஊரிலோ இருந்தெல்லாம் பகிர்ந்திருந்தார்கள். என் வாழ்நாளில் நூலகத்தைப் பற்றி இத்தனை பேர் ஒரே நேரத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

மேலதிகாரி போன் செய்தார். "இதுதான் மேடம் ரீச். எல்லாக் கிளைக்கும் உங்களத்தான் உதாரணமாச் சொல்லப் போறேன்."

"சார், அவரு உயிரோட இருக்காரு."

"அப்படியா? ரொம்ப நல்லது. ஆனா உடனே எடுத்துராதீங்க, இந்த வார ரிப்போர்ட் போகட்டும்."

நான் நூலகத்தைத் திறந்து அரை மணி நேரம் ஆகியிருக்காது. தொப்பை வைத்த ஒருவர் பெரிய ரோஜா மாலையோடு வேர்த்து விறுவிறுத்து வந்து, "சாரை எங்க வச்சிருக்காங்க?" என்று கேட்டார். "அந்தா, விளையாட்டுப் பக்கம் படிச்சுக்கிட்டு இருக்காரு" என்று கையைக் காட்டினேன். வந்தவர் மாலையும் கையுமாக அப்படியே நின்றார். சார்தான் கண்ணாடியை இறக்கிவிட்டு, "வாங்கிட்டு வந்தத என்னடா செய்வ? போட்டுட்டுப் போ" என்றார். மாலையோடு உட்கார்ந்து மிச்சச் செய்தியையும் படித்து முடித்தார்.

மத்தியானத்துக்குள் தெருமுனையில் ஒரு கட்சிக்காரர் அஞ்சலி ஃப்ளெக்ஸே வைத்துவிட்டார். அதில் சார் ஓரமாகச் சின்னதாக இருந்தார். அஞ்சலி செலுத்துகிறவர்தான் ஆளுயரத்துக்கு நின்றார். பெங்களூர் மகள் என்னைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். நியாயம்தான். அவள் அப்பாவோடு காலையில் பேசிவிட்டாள் என்பதால் கோபம் மட்டும்தான், அழுகை இல்லை.

நான் பதிவை நீக்கப் போனபோது சார் என் மேஜைக்கு வந்து, "எடுக்காதம்மா. ரெண்டு நாள் இருக்கட்டும்" என்றார்.

"என்ன சார் பேச்சு இது? நல்லா இருக்கிற மனுஷனுக்கு இரங்கல் போட்டுக்கிட்டு."

அவர் உட்கார்ந்தார். அவருக்கு ஒரு தம்பி உண்டு என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். திருவாதவூரில் கொஞ்சம் நிலம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற தனிக்கட்டை. அவர்களுடைய தங்கை மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது பத்திரிகை அடிக்கிற பொறுப்பு வாத்தியாரான இவருக்கு வந்திருக்கிறது. மணமகள் பெயரில் ஒற்று மிகுமா மிகாதா என்று மூன்று முறை பார்த்தவர், தாய்மாமன்கள் வரிசையில் தம்பி பெயர் விட்டுப்போனதைப் பார்க்கவில்லை. தம்பி 'மற்றும் உற்றார் உறவினர்' என்பதற்குள் போய்விட்டார். கல்யாண மண்டபத்தில், பந்தி நடக்கிற இடத்தில், அத்தனை பேர் முன்னால் தம்பி சொல்லியிருக்கிறார்: "உன் சாவுக்குக்கூட வரமாட்டேன்." அன்றோடு அண்ணன், தங்கை, சொந்தபந்தம் எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போனவர்தான்.

"அச்சாபீஸ்காரன் விட்டுட்டான்னு சொல்லிப் பாத்தேன். அவன் நம்பல" என்றார் சார். "அவன் வாரானா இல்லையான்னு மட்டும் பாத்துக்கிறேம்மா. செத்ததுக்கப்புறம் எனக்கு எப்படித் தெரியப் போகுது?"

நான் பதிவை நீக்கவில்லை. சார் என் போனை வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வோர் இரங்கலையும் படித்தார். "இவன் 'நேத்துக்கூடப் பேசிக்கிட்டிருந்தோம்'னு போட்டிருக்கான். யாரும்மா இவன்? எனக்குத் தெரியவே தெரியாது." வாசலில் நிழல் விழுந்தால் நிமிர்ந்து பார்ப்பார். தண்ணீர் கேன் போடுகிறவர், தபால்காரர், பரீட்சைக்குப் படிக்க வரும் பெண்கள். மறுநாளும் அப்படித்தான். மாலைகள் இன்னும் இரண்டு வந்தன. திருவாதவூரிலிருந்து ஒருவரும் வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் நான் கதவைத் திறந்தபோது வாசலில் சார் இல்லை. மத்தியானம் போன் வந்தது. "போட்டத எடுத்துரும்மா. அவன் சொன்ன சொல்லக் காப்பாத்துறவன்." குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. பதிவை நீக்கிவிட்டு, வாசகர் உயிரோடுதான் இருக்கிறார், நலமாகவும் இருக்கிறார் என்று திருத்தம் போட்டேன். அதற்கு லைக் போட்டவர்கள் அதே பழைய மூன்று பேர். மேலதிகாரிகூடப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. எனக்குக் கோபம் ஆறவில்லை. அண்ணன் செத்தான் என்று கேட்டும் அசையாத ஆளின் முகத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் போலிருந்தது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஒத்தக்கடை வழியாகத் திருவாதவூருக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். ஊருக்குள் டீக்கடையில் விசாரித்தபோது, "வாத்தியார் தம்பியா? இறந்துபோன அண்ணன் விசயமா வந்தீகளா?" என்று கேட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் இதற்குள் வரவில்லை என்கிற மாதிரி வயலுக்கு வழி மட்டும் காட்டினார்கள்.

அவர் மம்பட்டியால் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். அச்சு அசலாக அண்ணன் முகம், கண்ணாடிதான் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. யார் எவர் என்றுகூடச் சொல்லாமல் ஆரம்பித்துவிட்டேன்.

"கூடப் பொறந்த அண்ணன் செத்துப்போயிட்டாருன்னு ஊரே அழுகுது. நீங்க இங்க வாய்க்கா வெட்டிக்கிட்டு இருக்கீகளா? ஒரு எட்டு வந்து பாக்கணும்னு தோணல?"

நன்றாக ஏசிவிட்டு, அதன்பிறகு அவர் சாகவில்லை என்று சொல்லித் தலைகுனிய வைக்கலாம் என்பது என் திட்டம். திட்டத்தின் இரண்டாம் பாகத்துக்கு நான் போகவே இல்லை. மம்பட்டி கையை விட்டு நழுவியது. "எங்கண்ணனா?" என்றார். பிறகு, நின்ற இடத்திலேயே, ஈர வரப்பில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அப்போதுதான் அவர் இடுப்பில் செருகியிருந்த போனைக் கவனித்தேன். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பழைய பட்டன் போன். பாதி பட்டன்களில் எண்கூட இல்லை.

ஐயோ என்று ஆகிவிட்டது. வரப்பிலேயே அவர் பக்கத்தில் குந்தி, "இல்லைங்கய்யா, சாகல, உயிரோடதான் இருக்காரு, நல்லாத்தான் இருக்காரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். காதில் ஏறவே நேரம் பிடித்தது. ஏறியதும் அவர் என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அதில் பாதி எனக்குப் புதிய சொற்கள். எத்தனையோ வருஷமாகப் புத்தகங்களுக்கு நடுவே இருக்கிறேன், ஒன்றிலும் அவை இல்லை. திட்டிக்கொண்டே எழுந்து என்னோடு வந்து, என் ஸ்கூட்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். "ஏண்டா, இம்புட்டுப் பேரு இருக்கீகளே, ஒருத்தனும் எங்கிட்ட சொல்லலையேடா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "உங்க அண்ணன் பேர எடுத்தாலே மம்பட்டியத் தூக்குவீகளே. அதான் யாரும் சொல்லல. ஆனா ஊர்ல அம்புட்டுப் பேரும் இரங்கல் போட்டுட்டோம்ணே." நிஜம் என்று காட்டத் தன் போனையும் நீட்டினார்.

நூலகப் பக்கம், லைக், மேலதிகாரி என்று நடந்ததையெல்லாம் வழியில் சொன்னேன். விளாங்குடி வரைக்கும் பின்சீட்டிலிருந்து வசவு ஓயவில்லை. நூலகத்துக்கு, போனுக்கு, அரசாங்கத்துக்கு, அண்ணனுக்கு, எனக்கு என்று முறை வைத்து விழுந்தது. கோரிப்பாளையம் சிக்னலில் எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள்.

சார் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. தம்பிதான் முதலில் வாயைத் திறந்தார், தெருவுக்கே கேட்கும்படி.

"உன் சாவுக்கு வரமாட்டேன்னு சொன்னேன்ல? வரல. நீதான் சாகலையே, அதான் வந்தேன்."

"சரி, உள்ள வா" என்றார் சார்.

"குடிக்கத் தண்ணி இருக்கா, இல்ல அதுக்கும் லைக்குப் போடணுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், தெரிந்த வீடு போல நேராகக் கொல்லைப்பக்கம் கைகால் கழுவப் போனார். சார் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேட்டி பின்னாடி பூராம் சேறு" என்றார் சார் மெதுவாக. "எங்கிட்டும்மா விழுந்தான்?"

"வரப்புல சார். நீங்க செத்துட்டீங்கன்னு நான் சொன்னதும்."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அலமாரியைத் திறந்தார். ஒவ்வொரு வேட்டியாக எடுத்துப் பிரித்துப் பார்த்து, கிழிசல் இல்லாத ஒன்றைத் தேட ஆரம்பித்தார்.