தேங்காய் ஓட்டுக்குள் இருந்த மீசைக்காரர்

2006-ஆம் வருடம், மழை ஓய்ந்த சமயம். புதுச்சேரி மூலக்குளத்தில் ஒரு மாடி வீட்டில் நானும் என் மனைவியும் வாடகைக்கு இருந்தோம். ஐந்தாம் மாதத்தில் எங்கள் குழந்தை வயிற்றிலேயே போய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. அவள் சமைத்தாள், துவைத்தாள், டிவி பார்த்தாள். அழவில்லை. குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. நான் பேச்செடுத்தால் எழுந்து போய் விளக்குமாற்றை எடுத்துக்கொள்வாள். எங்கள் வீடு அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது.

அப்போதுதான் மாற்றலாகிப் போன ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் மீன் தொட்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். இரண்டடித் தொட்டி, கொஞ்சம் கப்பி மீன்கள். எனக்கே ஆச்சரியம், அவள் அதன் முன்னால் உட்கார ஆரம்பித்தாள். கண்ணாடியில் பாசி பிடித்ததும் நாங்கள் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: ஒரு சக்கர் மீன் வாங்கி விடுங்கள், பாசியைத் தின்று தொட்டியைத் துடைத்து வைத்துவிடும். அவளுக்கு அதில் தயக்கம் இருந்தது. கீழ்வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிய சக்கர் மீன் முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, கடைசியில் அவர் அதை ஊசுட்டேரியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததை அவள் பார்த்திருந்தாள்.

"நம்ம வீட்டுக்கு வந்தா கடைசி வரைக்கும் இங்கயே இருக்கணும். பெருசாயிடுச்சுன்னு எங்கயாவது விடறதா இருந்தா வேணாங்க" என்றாள். அவ்வளவு நீளமாக அவள் பேசியே ரொம்ப நாளாகியிருந்தது. அதனாலேயே, இந்த மீன் விஷயத்தில் நான் சொதப்பிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டேன்.

சக்கரில் சின்னதாகவே இருக்கும் ரகமும் உண்டு, அதற்கு மீசை இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். மீசையைப் பார்த்து வாங்குவது என்ன பெரிய வித்தையா என்று அவளையும் அழைத்துக்கொண்டு நேரு வீதிப் பக்கம் ஒரு வண்ணமீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் விரல் நீளக் குட்டி ஒன்றைப் பிடித்துத் தண்ணீரோடு கவரில் போட்டுக் காட்டினார். வாயோரத்தில் இரண்டு நூல் தொங்கியது. மீசையேதான். கட்டிக் கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அது எல்லா சக்கருக்கும் இருக்கும் தம்பி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மீன் தீனி வாங்க வந்த ஓர் அம்மா, ஐம்பத்தைந்து வயதிருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். கடைக்காரர் அவரை சொல்தா வீட்டம்மா என்றுதான் கூப்பிட்டார். கணவரோடு பல வருடம் பிரான்சில் இருந்தவராம். அங்கே குளிரில் வெளியே போக முடியாத மாதங்களில் மீன்தான் துணையாம்.

அவர் கவரை வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்குக் காட்டினார். முதுகுத் துடுப்பு பாய்மரம் மாதிரி உயரமாக விரிந்தது. இது பெரிதாக வளரும் ரகம், இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கும் என்றார். சின்ன ரகத்துக்குத் தலை அகலம், முதுகுத் துடுப்பு குட்டை. அந்த மீசை வாயோரத்தில் இல்லை, மூக்கின் மேல் வரும், அதுவும் ஆணுக்கு வளர்ந்த பிறகுதான். கடைக்காரர் கோபப்படவில்லை. சென்னையிலிருந்து எல்லாம் கலந்து சக்கர் என்றுதான் வருகிறது, நான் எங்கே ரகம் பிரிப்பது என்று சிரித்தார்.

"குருசுக்குப்பம் பக்கத்துலதான் வீடு. சின்ன ரகம் எங்கிட்ட இருக்கு, ஒருவாட்டி நேர்ல பாத்துட்டீங்கன்னா அப்புறம் ஏமாற மாட்டீங்க, வாங்க" என்றார் அந்த அம்மா. முன்பின் தெரியாதவர். நான் தயங்கினேன். என் மனைவி அதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள்.

அவர் வீட்டுக் கூடத்தில் பெரிய தொட்டி. அதற்குள் ஒரு தேங்காய் ஓட்டில் வாசல் மாதிரி ஓட்டை போட்டு வைத்திருந்தார். உள்ளே ஒருவர் படுத்திருந்தார். மூக்கு முழுக்கக் கிளை கிளையாக மீசை. அந்த அம்மா பிரெஞ்சில் ஏதோ பேர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. மீசைக்காரர் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தார். குனிந்து பார்த்தால், அவருக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொத்து முட்டை.

"பொம்பள போட்டுட்டுப் போயிடும். ஆம்பளதான் காவல், சாப்பிடக்கூட வெளிய வராது." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மீன், வெள்ளையாகிப்போன ஒரு முட்டையை வாயால் எடுத்து வெளியே தள்ளியது. "எல்லாம் தங்காதும்மா. வெள்ளையாயிட்டா எடுத்துடும். அது மேல ஒரு தப்பும் இல்ல."

என் மனைவி தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா மேலயும் தப்பு இல்லதான?" என்று கேட்டாள்.

அந்த அம்மா பக்கத்தில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்லம்மா. யார் மேலயும் இல்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எத்தனை மாதம், எந்த டாக்டர் என்று எதுவும் கேட்கவில்லை. என் மனைவி அவர் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள். நானும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன்.

போன தடவை பொரித்த குஞ்சுகள் வேறொரு தொட்டியில் இருந்தன. அதில் ஒன்றை அவளையே பிடிக்கச் சொன்னார். இப்போது அவளுக்கே தெரிந்தது: அகலத் தலை, குட்டைத் துடுப்பு. வெள்ளரித் துண்டு போட்டால் விரும்பித் தின்னும் என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பினார்.

மொபெட்டில் வரும்போது மீன் கவரை முந்தானையால் மூடி மடியில் வைத்திருந்தாள். சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து சொன்னாள்: "பொண்ணு, நம்ம குழந்தை. நர்ஸு சொன்னாங்க. உங்ககிட்ட சொல்ல முடியலை."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை ஓரம் கட்டினேன். அந்த ரோட்டோரத்தில்தான் எங்கள் மகளைப் பற்றி நாங்கள் முதன்முதலாகப் பேசினோம். அவளுக்கென்று மனசுக்குள் ஒரு பேர்கூட வைத்திருந்தாள்.

ஆறுதல் சொல்ல வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் 'அடுத்தது நல்லபடியா தங்கும்' என்றே சொன்னார்கள், நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தங்காமல் போனவளைப் பற்றிப் பேசத்தான் என் மனைவி ஏங்கியிருக்கிறாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது; இப்போதும் அப்படி ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனால், அடுத்ததைப் பற்றி வாயே திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, போன பிள்ளையைப் பற்றி அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு வருகிறேன்.