கம்பெனியே ஏத்திவிட்ட வேகம்

போன வாரம் பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறையில், பெக்டரி கேன்டீனில், என்னோடு வேலை செய்யும் ஷாமினி ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வீடு போய்ச் சேரும்வரை பொறுக்க முடியவில்லையாம். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு மேசைமேலேயே பிரித்தாள். உள்ளே கிராபிக்ஸ் கார்டு. கணினி விளையாட்டில் படத்தை வரைந்து காட்டுகிற பலகை அது. மூன்று விசிறியோடு செங்கல் கனம் கனத்தது. மேலே சுற்றியிருந்த வெள்ளிநிறப் பையைக் கிழித்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள். புது பிளாஸ்டிக்கும் இன்னும் சூடே பார்க்காத இரும்பும் கலந்த வாசனை. எல்லோரும் ஆசையாகக் குனிந்தார்கள். நான் மட்டும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

“என்னாக்கா, மூஞ்சி இப்படி ஆயிருச்சு? கார்டு நல்லால்லையா?” என்றாள் ஷாமினி.

“நல்லாருக்குலா. சாப்பிடு மொதல்ல,” என்றேன்.

நான் இயல்பிலேயே பயந்தவள். கேஸை மூடினோமா என்று மாடியிறங்கிய பிறகு திரும்பி ஏறிப் பார்க்கிற ஜாதி. பெக்டரியில் எனக்குத் தரம் பார்க்கிற வேலை, அதாவது பயப்படுவதற்குச் சம்பளம். எது உடையும், எது கருகும், எது பிய்த்துக்கொண்டு வரும் என்று நாள் முழுக்க யோசிக்க வேண்டும். அதற்கென்றே பிறந்தவள் போல யோசிப்பேன். ஆனால் அந்த வாசனைக்கு வந்த பயம் வேறு. அது சில வருடங்களுக்கு முன்னால், அப்பாவுக்கு ஒரு கார்டு வாங்க நான் அலைந்த நாட்களின் பயம்.

அப்பா லோரி டிரைவர். பிறையிலிருந்து கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு ஒரு வாரம் ஜொகூர் பக்கம், அடுத்த வாரம் தாய்லாந்து எல்லைப் பக்கம். வீட்டுக்கு வந்தால் குளிப்பார், சாப்பிடுவார், தூங்குவார், போய்விடுவார். சீனி வியாதி அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து ஜெலுத்தோங் பிளாட்டுக்கு அழைத்து வந்தோம். வந்தவர் சக்கர நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். டிவி போட்டால் நிறுத்தச் சொன்னார். கீழே காற்றாடப் போகலாம் என்றால் கோபம் வரும்.

“கீழ போனா எல்லாவனும் காலைத்தான் பாப்பான். நான் வரல.”

சாப்பாடு பாதியானது, பிறகு கால்வாசியானது. அம்மா குழாயைத் திறந்துவிட்டு அடுப்படியில் அழுவார். வேலையில் ஹேண்ட்போன் அடித்தால், எடுப்பதற்குள் எல்லாக் கெட்ட செய்தியும் மனத்தில் ஓடி முடிந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் என் அறையில் விளையாடிக்கொண்டிருந்தேன். என்ன விளையாட்டு என்று சொல்ல இப்போதும் கொஞ்சம் கூச்சம்தான். லோரி ஓட்டுகிற விளையாட்டு. மேசையில் ஒரு ஸ்டேரிங், காலடியில் மூன்று பெடல். நிஜக் காரில் பினாங்குப் பாலத்தைக் கடக்கவே உள்ளங்கை வேர்க்கிறவள், திரையில் பதினாறு சக்கர லோரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். நம் நாட்டு நெடுஞ்சாலையை யாரோ ஒரு புண்ணியவான் வரைந்து இணையத்தில் போட்டிருந்தான். அதை இறக்கி வைத்திருந்தேன்.

பின்னால் சக்கரம் உருளும் சத்தம். அப்பா அறை வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தார்.

“இது தைப்பிங் தாண்டி வர்ற ரோடுல்ல?”

நான் திரும்பவே பயந்து, “ஆமாப்பா” என்றேன்.

“கியரை எறக்குலா. இப்படி ஏறுனா மெனோரா மேட்டுல நின்னுரும்.”

நாற்காலியை விட்டு எழுந்துகொண்டேன். அவர் உள்ளே வந்தார். ஸ்டேரிங்கை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார். சின்னப் பிள்ளைச் சாமான் என்று முனகிக்கொண்டே ஓட்டத் தொடங்கினார். கோலகங்சார் போனது. பிறகு மெனோரா ஏற்றம். ஈப்போ போகிறவர்களுக்குத் தெரியும், சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவே காட்டைப் பிளந்து ஏறி, ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிற ரோடு. அங்கே மரங்கள் அதிகம். என் பழைய கார்டால் அத்தனை மரத்தையும் வரைய முடியவில்லை. படம் விக்கி விக்கி வந்தது. அப்பா சட்டென்று வாயைப் பொத்தினார். நான் குப்பைக்கூடையை எடுப்பதற்குள் சட்டையெல்லாம் வாந்தி.

அம்மா ஓடி வந்து என்னைத்தான் திட்டினார். அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னது இதுதான்: “மேட்டுல இழுக்கலம்மா. எஞ்சின் பத்தாது.”

ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான பேச்சு அது. அன்றைக்கே புதுக் கார்டு வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். சின்னதாக வாங்கினால் பிரயோஜனமில்லை. படம் ஓரிடத்தில் விக்கினாலும் அவருக்குத் தலை சுற்றும். அப்புறம் ஸ்டேரிங் பக்கம் வரவே மாட்டார். எனவே இருப்பதிலேயே உயர்ந்த வகை வேண்டும். விலையை இங்கே சொல்லப் போவதில்லை, அம்மா இதைப் படித்தாலும் படிப்பார்.

பிறகுதான் என் சுபாவம் வேலையைக் காட்டியது. இணையத்தில் படிக்கப் படிக்கக் கார்டுகள் எல்லாம் எரிந்தன. வயர் உருகின படம் போட்டிருந்தான் ஒருவன். கனம் தாங்காமல் பலகையே வளைந்துபோனது என்றான் இன்னொருவன். கடைசியில் இரண்டு கார்டுக்கு வந்து நின்றேன். இரண்டும் ஒரே வகைதான். ஒன்று சாதாரணம். மற்றொன்றைத் தயாரிப்பிலேயே கூடுதல் வேகத்துக்கு முடுக்கிவிட்டிருந்தார்கள். அதன் பெயருக்குப் பின்னால் ஓசி என்று இரண்டு ஆங்கில எழுத்து இருந்தது. எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. பினாங்கு வெயிலில் முடுக்கிவிட்ட கார்டு தாங்குமா? சாதாரணத்தை வாங்கி மெனோராவில் மறுபடி விக்கினால் என்ன செய்வது? வேலைக்குப் போகும் பெர்ரிப் படகில் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி இதையே யோசிப்பேன்.

அப்பாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

“ஓசியா? சும்மா குடுக்கறானா?”

“இல்லப்பா. வேகத்தை ஏத்திவிட்டது.”

அவர் முகம் மாறியது. பெரிய லோரி வாங்காமல் பணம் மிச்சம் பிடிக்க டீசல் பம்ப்பை ஏற்றிவிட்டு ஓட்டிய முதலாளி ஒருவரைப் பற்றிச் சொன்னார். அந்த லோரி மலை ஏறும்போது எஞ்சின் வெடித்து ரோட்டில் எண்ணெய் கொட்டி, பின்னால் வந்த காரெல்லாம் சறுக்கினவாம். “ஏத்திவிட்ட எஞ்சின நம்பாத. யாரு ஏத்துனா? பட்டறைக்காரனா, கம்பெனியா?”

“கம்பெனியே ஏத்திவிட்டதுதான்பா.”

“நீ சொன்னா ஆச்சா? நான் வந்து கேக்கறேன்.”

அடுப்படியில் அம்மாவின் கரண்டி நின்றது. அப்பா வெளியே வருகிறேன் என்று சொன்னதை நாங்கள் இருவரும் கேட்காத மாதிரி இருந்தோம். கவனித்ததாகக் காட்டிக்கொண்டால் மாற்றிவிடுவாரோ என்று பயம்.

கொம்தார் கோபுரத்தின் பக்கம் அப்போது ஒரு கட்டடத்தில் மாடி முழுக்கக் கணினிக் கடைகள் இருந்தன. அங்கே ஸ்வீ லிங் என்ற சீனப் பெண் தனியாக ஒரு கடை நடத்தினாள். என் வயதுதான் இருக்கும். அப்பா மடியில் ஒரு சாரக் கைலியை விரித்துக் காலை மூடிக்கொண்டு வந்தார். லிப்டில் ஏறினோம். கதவு மூடப்போகும் நேரத்தில் ஒரு கை தடுத்தது. உள்ளே வந்தவர் செல்வம் அண்ணன், அப்பாவோடு ஒரே கம்பெனியில் லோரி ஓட்டியவர். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறேன் என்றபோது வேண்டாம் என்று அப்பா சொல்லச் சொன்ன ஆள்.

செல்வம் அண்ணனின் கண் சாரத்துக்குப் போனது. நான் லிப்ட் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை மெதுவான லிப்டை நான் கண்டதில்லை.

“என்னாண்ணே, இந்தப் பக்கம்?” என்று கேட்டார் அவர்.

அப்பா சாரத்தை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, “புது எஞ்சின் வாங்க வந்தேன்டா” என்றார்.

“என்னா எஞ்சின்?”

“வந்து பாரு.”

அப்படித்தான் மூன்று பேராகக் கடைக்குள் போனோம். பேச்சு மலாயில் நடந்தது, நான் தமிழில் சொல்கிறேன். ஸ்வீ லிங் இரண்டு கார்டையும் எடுத்து வைத்தாள். அப்பா ஒவ்வொன்றையும் கையில் ஏந்திக் கனம் பார்த்தார். வேகத்தை ஏற்றியது யார் என்று கேட்டார்.

“கம்பெனியே, அங்கிள். வாரண்டி இருக்கு. நான் தொடவே இல்லை.”

“ஓட்டிக் காட்டு.”

அவள் ஓசி கார்டை மேசையில் இருந்த திறந்த கணினியில் பொருத்தி உயிர் கொடுத்தாள். அப்பா குனிந்து பார்த்தார். விசிறி மூன்றும் அசையாமல் நின்றன.

“இது செத்துருச்சு! வேற எடு!”

செல்வம் அண்ணனும் தலையாட்டினார். ஸ்வீ லிங் மட்டும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சூடு ஏறினால்தான் விசிறி சுற்றும், வேலை இல்லாதபோது சும்மா இருக்கும் என்று விளக்கினாள். அப்பா நம்பவில்லை. அவள் ஏதோ கனமான படத்தை ஓடவிட்டாள். சற்று நேரத்தில் மூன்று விசிறியும் மெல்லச் சுற்றத் தொடங்கின. அப்பா கையை நீட்டிக் காற்றைப் பிடித்துப் பார்த்தார். கடையின் ஏசியை நிறுத்தச் சொன்னார், “எங்க வீட்ல இதெல்லாம் இல்ல” என்றார். அவளும் நிறுத்தினாள்! வேர்த்துக் கொட்ட நாங்கள் நால்வரும் ஒரு கார்டைச் சுற்றி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். அப்பா மடியிலிருந்த சாரம் எப்போது நழுவி விழுந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

“இதையே எடும்மா,” என்றார் கடைசியில்.

வீட்டுக்கு வந்து பொருத்தினால் கணினிப் பெட்டிக்குள் கார்டு அடங்கவில்லை, நீளம் அதிகம். உள்ளே இருந்த ஒரு தகரக் கூட்டை செல்வம் அண்ணன் கழற்றி எறிந்தார். அந்த மனிதர் வீடுவரை வந்துவிட்டதை யாரும் கேள்வி கேட்கவில்லை. அம்மா அவருக்குக் கோப்பி கலக்கினார். நான் பொத்தானை அழுத்தினேன். திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி அழுத்தினேன். கறுப்பு. உருகிய வயர் படமெல்லாம் கண்முன் வந்து போனது. ஸ்வீ லிங்குக்குப் போன் போட்டேன்.

“திரை வயரை எங்கே சொருகியிருக்கே?” என்றாள் அவள்.

புதுக் கார்டில் சொருகாமல், கணினியிலேயே இருக்கும் வேறொரு துளையில் சொருகியிருந்தேன். தரம் பார்க்கிற அதிகாரி! மாற்றிச் சொருகியதும் திரை பளிச்சென்று விழித்தது.

அப்பா தைப்பிங்கிலிருந்து புறப்பட்டார். நான் குப்பைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மெனோரா வந்தது. மரங்கள் ஒவ்வொன்றாய், இலையோடு, நழுவிப் பின்னால் போயின. ஓரிடத்திலும் விக்கவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், வெளிறுகிறதா என்று. பிறகு கீழே பார்த்தேன். வலது கால் பெடலில் இருந்தது. கிளட்ச் இல்லாமலே கியர் மாறும்படி விளையாட்டில் அமைத்திருந்தும், ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் இடது தொடை மெல்ல எழுந்து அழுந்தியது. இல்லாத காலால் கிளட்ச் மிதித்துக்கொண்டிருந்தார். சுரங்கத்தைத் தாண்டி ஈப்போ தெரிந்ததும், “பசிக்குதும்மா, என்னா இருக்கு?” என்றார்.

அதன்பிறகு நான் வேலைவிட்டு வரும் சாயங்காலமெல்லாம் அப்பா என் அறையில் இருந்தார். ஓட்டிக்கொண்டே பேசுவார். இந்த வளைவில் ஒரு மலாய்க்காரம்மா இரவலாகக் குடை கொடுத்தது, தாப்பா டவுனில் காய்ச்சலோடு லோரிக்குள்ளேயே படுத்துக் கிடந்தது, நான் பிறந்த செய்தி எந்த ரோட்டோர ஒட்டுக்கடையில் வந்து சேர்ந்தது, எல்லாம். ஒரு வார்த்தையும் நான் முன்பு கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே கார்டின் சூட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். அப்பா சிரிப்பார். “கம்பெனியே ஏத்திவிட்டதும்மா. ஒண்ணும் ஆவாது.”

செல்வம் அண்ணன் விடாமல் வந்துகொண்டிருந்தார். அவர்தான் செயற்கைக் கால் பொருத்துகிற இடத்துக்கு அப்பாவை அழைத்துப் போனார். கியர் மாற்றத் தேவையில்லாத ஒரு சின்ன வேனையும் பிடித்துக் கொடுத்தார். இப்போது அப்பா லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடைக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கிறார். காலையில் குயின் ஸ்ட்ரீட்டில் பசியாறல், பிறகு தீவு முழுக்க ஓட்டம். விளையாட்டு ஸ்டேரிங்கை யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். ஸ்வீ லிங் கடையும் இல்லை. அந்த மாடியில் முக்கால்வாசி ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. அவள் எங்கே போனாள் என்று கேட்டதற்கு யாருக்கும் தெரியவில்லை.

நான் கல்யாணமாகிப் பட்டர்வொர்த் வந்துவிட்டேன். அப்பாவுக்குப் போன் அடித்தால், “ரோட்டுல இருக்கேன்மா, அப்புறம் பேசு” என்பார். அவர் குரலில் இருக்கிற அவசரத்தைக் கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான். பொய்யில்லை.

ஆனால் உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். நான் பிறந்ததிலிருந்து அப்பா ரோட்டில்தான் இருந்தார், இப்போதும் ரோட்டில்தான் இருக்கிறார். நடுவில் அந்தச் சில மாதங்கள் மட்டும், வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் அப்பா உள்ளே இருப்பார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த நாட்கள் போய்விட்டன. திரும்ப வேண்டும் என்று நினைக்கவும் பயமாக இருக்கிறது.