டீப்பெட்டியில் போட்ட ஃபிலிம்

போன ஞாயிறு குன்னூரில் என் சகலை வீட்டுக்குப் போயிருந்தேன். நானே டீ போடலாம் என்று ஸ்டோர் ரூமில் இருந்த மரப்பெட்டியைத் திறந்து, டீத்தூளுக்குள் கையை விட்டால்... ஃபிலிம் ரோல்! ஒன்றல்ல, தோண்டத் தோண்ட வருகிறது.

"ஏனுங்க சகலை, கைய எடுங்க. வேர்வை பட்டா ஃபிலிம் போயிரும்" என்று பின்னாலிருந்து சகலையின் குரல்.

சகலைக்கு மார்க்கெட் பக்கம் துணிக்கடை. கொஞ்சம் தேயிலைத் தோட்டமும் உண்டு. பச்சை இலை விலை சரிந்து மலையே தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, இவருக்குக் கவலை ஃபிலிமைப் பற்றி. அதுவும் சாதா ஃபிலிம் இல்லை — மீடியம் ஃபார்மட். கழுத்தில் மாட்டி, குனிந்து மேலிருந்து பார்த்து எடுக்கிற பெட்டி கேமரா. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம்.

உலகம் டிஜிட்டலுக்கு ஓடுகிறதாம். ஃபிலிமுக்கு மருந்து பூசுகிற மெஷின் ஒரு தெரு நீளமாம். ஓட்டினால் மைல் கணக்கில் பூசித் தள்ளுமாம், கொஞ்சமாக ஓட்டு என்றால் ஓடாதாம். வாங்க ஆள் குறைந்தால் மூடுவதைத் தவிர வேறென்ன வழி? மீடியம் ஃபார்மட்டுக்குத் தொல்லை இன்னும் அதிகம். ஃபிலிமோடு சேர்த்துச் சுற்ற, நம்பர் அச்சடித்த கறுப்புக் காகிதம் வேண்டும். அதைச் செய்கிறவர்கள் ஃபிலிம் செய்கிறவர்களைவிடக் குறைவாம்.

இவ்வளவையும் ஜன்னலோரம் நின்று சொன்னார். ஜன்னலுக்கு வெளியே ஒரு டீ ஃபேக்டரி. அதன் புகைபோக்கியில் புகை வந்து மாதக்கணக்காகிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹூம்.

சரி, ஃபிலிம் ஏன் டீத்தூளில்? கிடைக்காமல் போய்விடும் என்று ரோல்களை வாங்கிக் குவித்துவிட்டார். நம்ம மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்குமே! வேறு யாராவது என்றால் ஃபிரிட்ஜில் வைத்திருப்பார்கள். சகலை வீட்டிலோ, இலைக்குப் பணம் தர முடியாத ஃபேக்டரிக்காரர் தலையில் கட்டிய டஸ்ட் டீ மூட்டை மூட்டையாகக் கிடந்தது. டீத்தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது அவர் விஞ்ஞானம். சரிதான். இழுத்த ஈரத்தைத் தூள் எங்கே கொண்டுபோய் வைக்கும் என்று யோசிக்க வேண்டாமா?

நஷ்டம் அவரோடு போயிருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். போகவில்லை.

சகலையின் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் நான்கு பெண்கள். சிறு வயதில் சிலோனிலிருந்து ஒரே கப்பலில் வந்து ராமேஸ்வரத்தில் இறங்கியவர்கள். அன்றிலிருந்து பிரிந்ததில்லை. தோட்டத்தில் வேலை நின்றதும் திருப்பூர், பாலக்காடு, கோவை என்று ஆளுக்கொரு திசை. புறப்படும் முன் நான்கு பேரும் சேர்ந்து ஒரு படம் வேண்டும் என்று கேட்டார், அவர்களில் மூத்தவரான செல்வமணி.

போன மாதம் அவர் கேட்ட அன்று நானும் அங்கே இருந்தேன்; என் பையில் சின்ன டிஜிட்டல் கேமரா இருந்தது. வெளியே எடுத்தேன். "அந்தப் பொம்மைய உள்ள வைங்க. நாம எடுக்கறது நூறு வருசம் நிக்கோணும்" என்று தடுத்துவிட்டார் சகலை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவர்களை நிறுத்தி, வெயில் வரட்டும், மேகம் போகட்டும் என்று வாட்டி எடுத்துப் பன்னிரண்டும் எடுத்தார். மறுநாளே நால்வரும் மலை இறங்கிவிட்டார்கள்.

கோவையில் கழுவி வந்த படங்களை அந்த ஞாயிறு எனக்கும் காட்டினார். ஈரம் ஏறிய காகிதம் தன் நம்பரையெல்லாம் ஃபிலிமில் ஒட்டவைத்திருந்தது. நான்கு முகங்களின் மேலும் வரிசையாக நம்பர், நடுநடுவே புள்ளி. பன்னிரண்டிலும் அதே கதை. கம்பெனிக்காரன் காகிதத்தின் தரத்தைக் குறைத்துவிட்டான் என்று சகலை ஆரம்பித்தார் பாருங்கள்... எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் செல்வமணி. படத்தை வாங்கிப்போகத் திருப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். ஒளிக்கவா முடியும்? சகலை கொடுத்தார்.

செல்வமணி ஒவ்வொரு படமாகப் புரட்டிப் பார்த்தார்.

"சிலோன் தோட்டத்துலயும் எங்களுக்கு நம்பருதாங்க. இங்க எஸ்டேட்டுல ஆள் கணக்கு எழுதற செக்ரோல்லயும் நம்பருதான். படத்துலயாவது மூஞ்சி வரும்னு நெனச்சேன்" என்றார். பிறகு, பரவாயில்லை, சேலையை வைத்து யார் யாரென்று கண்டுபிடித்துக்கொள்வோம் என்று சொல்லி, ஆளுக்கொன்றாக நான்கு படங்களை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

சகலைக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். "ரோல் இன்னும் இருக்குதுங்க. நாலு பேரும் ஒருக்கா வந்துருங்க, மறுபடி எடுத்துரலாம்."

"வாறோம் மொதலாளி. தோட்டத்துல வேல வந்தா நாளைக்கே வாறோம். எப்பங்க வரும்?"

சகலை மீதி எட்டுப் படங்களையும் எடுத்து அடுக்க ஆரம்பித்தார். ஃபிலிமுக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்டிருந்தால் கடைசி பஸ் போகிறவரைக்கும் பேசியிருப்பார்.