அணுவுலை ஓட்டிய பாய்லர்காரர்கள்

மலேசியாவில் அணுமின் நிலையமே கிடையாது. ஆனாலும் தொண்ணூறுகளில் நான் ஒன்றை ஓட்டியிருக்கிறேன். முதல் நாளே அதை உருக்கியும் விட்டேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

அப்போது மலாக்காவின் செங் தொழிற்பேட்டையில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு இன்னொருவர், வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். புதிய பாய்லர் ஒன்று வரப்போவதாகவும், எந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று யோசனை சொல்லும் கம்ப்யூட்டர் அதோடு வருவதாகவும் பேச்சு. குளுகுளு ஏர்கோன் அறையில் அதன் முன்னால் உட்கார ஒருவருக்குத்தான் இடம். அண்ணனுக்கு ஏர்கோன் மேல் ஆசை, எனக்குக் கம்ப்யூட்டர் மேல். எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று நோண்டுகிற புத்தி எனக்கு. அந்த நாற்காலி கிடைக்காவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

அந்தச் சமயம்தான் மிஸ் வந்தார். மலாக்கா டவுனில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். கல்லூரியில் பாடம் நடத்தினார். அணுமின் நிலையக் கட்டுப்பாட்டு அறையில் கம்ப்யூட்டர் சொல்லும் யோசனையை மனிதன் எப்போது கேட்கிறான், எப்போது தட்டிவிடுகிறான் என்பது அவருடைய ஆராய்ச்சி. அணுமின் நிலைய ஆட்களுக்கு இங்கே எங்கே போவது? பாய்லர்காரர்கள் போதும் என்று எங்கள் மானேஜரிடம் கேட்டிருக்கிறார். மானேஜருக்கும் அது வசதியாகப் போயிற்று. இதில் தேறுகிறவனுக்கே நாற்காலி என்று சொல்லி எங்கள் இருவரையும் அனுப்பி வைத்தார்.

கல்லூரியில் ஒரு மேசைக் கம்ப்யூட்டர். திரையில் குழாய், பம்பு, நடுவில் அணுவுலை. ஒவ்வொருவராக உட்கார வேண்டும். என் முறை வந்ததும் மிஸ் ஏதோ தட்டினார், அலாரம் கத்தியது. அணுவுலை தானாக நின்றது, உள்ளே தண்ணீர் மட்டம் சரசரவென்று இறங்கியது. ‘தண்ணீரைச் செலுத்து’ என்று மலாயில் யோசனை வந்தது.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. பாய்லரில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத அளவு இறங்கிவிட்டால் தீயை நிறுத்த வேண்டும். புதுத் தண்ணீர் மட்டும் விடவே கூடாது. காய்ந்து பழுத்த இரும்பில் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். இங்கேதான் தீ நின்றுவிட்டதே! கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் திரை முழுவதும் சிவப்பானது.

“உருகிடுச்சு,” என்றார் மிஸ்.

“நின்னு போன அடுப்பு எப்படி மிஸ் உருகும்?”

“நின்னாலும் எரிபொருள் சூட்டை வுட்டுக்கிட்டே இருக்கும். நாள் கணக்கா. தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும்.”

அணைத்த பிறகும் சூடு விடும் அடுப்பு! தோற்றதுகூட மறந்துவிட்டது. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டு மிஸ்ஸைத் துளைத்தெடுத்தேன். அண்ணனோ யோசனை வந்த உடனே பொத்தானை அமுக்கிவிட்டுக் காலாட்டிக்கொண்டிருந்தார். அவர் தேறிவிட்டார்.

“சொன்னா அமுக்கு லா தம்பி. ஒனக்கு எதுக்கு ஆராய்ச்சி?” என்றார் பஸ்ஸில் திரும்பும்போது.

அடுத்த வாரம் மறுபடியும் அதே அலாரம், அதே யோசனை. அண்ணன் அமுக்கினார். நானும் அமுக்கத்தான் போனேன். திரையின் ஓரத்தில் ‘கெனாப்பா’ என்று ஒரு சின்னப் பொத்தான் கண்ணில் பட்டது. ஏன் என்பதற்கு மலாய்ச் சொல். தட்டினேன். கம்ப்யூட்டர் தன் காரணத்தைக் காட்டியது: தண்ணீர் அளவு காட்டும் மீட்டர்களில் ஒன்று மட்டம் குறைவு என்கிறது, அதனால் இந்த யோசனை. பக்கத்தில் இருந்த மற்ற இரண்டு மீட்டர்களைப் பார்த்தேன். இரண்டிலும் தண்ணீர் சரியாகவே இருந்தது. நான் அமுக்கவில்லை.

மிஸ் கைதட்டியே விட்டார். அந்த ஒரு மீட்டரை அவர்தான் வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தாராம். அண்ணனின் அணுவுலை நிரம்பி, நீராவிக் குழாய்க்குள் தண்ணீர் ஏறிவிட்டதாம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாயா ரும்புட்டில் இருந்த எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம், நாற்காலி எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன்.

நடந்ததையெல்லாம் மிஸ் மானேஜரிடம் அப்படியே சொன்னார். மானேஜர் அண்ணனைத் தேர்ந்தெடுத்தார்.

“நீ கேள்வி கேட்பாய். அவன் வேலையைச் செய்வான்,” என்றார் மலாயில், தோளில் தட்டிக்கொடுத்து. அண்ணனோடு சில வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புதிய பாய்லர் ஓடத் தொடங்கிய பின் ஒருநாள், தேநீர் நேரத்தில் அண்ணனே கண்ணாடிக் கதவைத் திறந்து கூப்பிட்டார்.

“மானேஜரு வெளிய போயிட்டாரு. வா, ஒக்காந்து பாரு. ஒனக்கு எவ்ளோ ஆசைன்னு எனக்குத் தெரியாதா?”

கோபமெல்லாம் அந்த நிமிடமே போய்விட்டது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் ஏதோ ஒரு யோசனை காத்திருந்தது. மேலும் கீழும், நான்கு மூலையிலும் தேடினேன்.

“என்னா தேடுற?”

“இது ஏன் இப்படிச் சொல்லுதுன்னு எங்க கேக்குறதுண்ணே?”

“அதெல்லாம் இதுல கெடையாது தம்பி,” என்று சொல்லிவிட்டு, என் தோளுக்கு மேலாகக் கை நீட்டி அண்ணன் பொத்தானை அமுக்கினார்.